காருக்கு டர்போ மாட்டலாமா? ஒரு பழைய கிளார்க்கின் விசாரணை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது ஃபிக்ஸட் டெபாசிட், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் என்று ஏதாவது பேசுவேன் என்றுதான் நினைத்திருப்பார். நான் பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன். இன்று நான் பேசப்போவது கார் இன்ஜினைப் பற்றி. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கீழே பார்க்கிங்கில் சாயங்காலம் நம் பிள்ளைகள் நின்று பேசுவதை நானும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். டர்போ கிட், ரீமேப், பூஸ்ட் என்று பேச்சு ஓடும். அந்தப் பேச்சு ஒருநாள் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

என் தங்கை பையனுக்கு இருபத்தைந்து வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவன் பன்னிரண்டாவது படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கினான். கார் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து நான்தான். அதை முன்பக்கம் தாழ்த்தி, பின்னால் ஒரு சிறகு வைத்து, ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஆக்கி வைத்திருந்தான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "மாமா, இரண்டரை லட்சம் கைமாத்தா வேணும். காருக்கு டர்போ கிட் போடப் போறேன்" என்றான்.

உடனே "போடா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? வெளியே மூன்று வட்டிக்கு வாங்குவான். அதனால், "எஸ்டிமேட் கொண்டு வா, விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். கடன் கேட்டு வருகிறவரிடம் வங்கியில் கேட்பதைத்தான் அவனிடமும் கேட்டேன். அந்த விசாரணையில் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதல் கேள்வி: இது என்ன தொழில்?

பெட்ரோல் எரிய காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று. சாதாரண இன்ஜின் தானாக இழுக்கிற காற்றை வைத்தே ஓடுகிறது. டர்போ என்பது ஒரே தண்டில் இரண்டு சக்கரம். சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் போகும். ஆல்ஃபிரட் புச்சி என்ற சுவிட்சர்லாந்து பொறியாளர் 1905இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்று நம் ஊர் வழியாகத் திருப்பதி போகிற லாரி, பஸ்ஸில் எல்லாம் இது இருக்கிறது.

கணக்கு எளிது. நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. டர்போ 7 பி.எஸ்.ஐ. கூட்டினால் 21.7. அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு காற்று. பெட்ரோலையும் அதே அளவுக்குக் கூட்டினால் சக்தியும் ஏறத்தாழ அந்த அளவுக்கு ஏறும். இந்த இடம் வரை பையன் சொன்னதெல்லாம் சரிதான். வீணாகப் போகிற புகையிலிருந்து வருமானம், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது கேள்வி: எஸ்டிமேட்டில் என்ன இல்லை?

கடன் மனுவில் எழுதியிருப்பதை விட எழுதாமல் விட்டதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று என் முதல் மேனேஜர் சொல்லிக் கொடுத்தார். பையன் கொண்டுவந்த தாளில் டர்போ, அதை மாட்டும் மேனிஃபோல்டு, இன்டர்கூலர், குழாய்கள், கூலி, அவ்வளவுதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இருவரும் ரேஸ் கார் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனோம். தாளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சார், டர்போவை மாட்டறது ரெண்டு நாள் வேலை. அதோட இன்ஜினை உயிரோட வைக்கிறதுதான் வேலை."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். காற்று ஒன்றரை மடங்கு போனால் பெட்ரோலும் அதே அளவு போக வேண்டும். அதற்குப் பெரிய இன்ஜெக்டர் வேண்டும், பெட்ரோல் பம்பும் மாற்ற வேண்டியிருக்கும். எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று தீர்மானிப்பது ஈசியூ என்ற சின்னக் கம்ப்யூட்டர். அதை டைனோ மெஷினில் காரை ஏற்றி, மணிக்கணக்கில் உட்கார்ந்து புதிதாக டியூன் செய்ய வேண்டும். டர்போ தண்டுக்கு இன்ஜின் ஆயிலில் இருந்து ஒரு குழாய் எடுக்க வேண்டும். அந்த ஆயில் தானாக வழிந்து திரும்பி வர ஆயில் சம்ப்பில் துளை போட்டு இன்னொரு குழாய் வைக்க வேண்டும். துளை போட்ட தூள் உள்ளே விழுந்தால் அதோடு முடிந்தது. கிளட்ச் தாங்காது. பிரேக்கும் பழைய வேகத்துக்குப் போட்ட பிரேக்.

மெக்கானிக் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தாளின் பின்பக்கம் எழுதிக் கூட்டினேன். இரண்டரை லட்சம் நாலு லட்சத்தைத் தாண்டியது. பையன் பேசவில்லை.

மூன்றாவது கேள்வி: நஷ்டம் வந்தால் எப்படி வரும்?

இதுதான் முக்கியம். காற்றை அழுத்தினால் சூடாகும். சூடான காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள், தீப்பொறி பரப்பும் தீ வந்து சேரும் முன்பே தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். சுத்தியலால் பிஸ்டனை அடிப்பது போல. டர்போ இல்லாத இன்ஜின்களில் காற்றைப் பத்து, பதினோரு மடங்கு சுருக்குகிற மாதிரி ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். அதன்மேல் டர்போவும் தள்ளினால் நாக்கிங் ஆபத்து அதிகம். பெட்ரோல் கொஞ்சம் குறைந்துபோனால் சூடு இன்னும் ஏறும். பிஸ்டனில் ஓட்டை விழ சில விநாடி போதும். நம் ஊர்ச் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். நாற்பது டிகிரியில் உள்ளே போகும் காற்று முதலிலேயே சுட்டுக் கொண்டுதான் போகிறது. 

பெரிய கம்பெனிகளே இதில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற கார் டர்போவுடன் வந்தது. பத்து மடங்குக்கு மேல் சுருக்கும் இன்ஜின். நாக்கிங் வராமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டேங்கில் ஊற்றி வைத்தார்கள். வாங்கியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். தொல்லை தாங்காமல் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் போட்டுக் கொடுக்க முன்வந்தது.

அப்படியென்றால் யாருமே ஒழுங்காகச் செய்யவில்லையா? செய்திருக்கிறார்கள். ஜப்பானின் மஸ்தா எம்.எக்ஸ்-5 என்று ஒரு சின்ன இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாட்டுப் பிள்ளைகள் டர்போ கிட் மாட்ட அதிகம் தேடும் கார்களில் ஒன்று. அந்தக் கம்பெனியே 2004இல் டர்போ வைத்து விற்றபோது 142 குதிரைத்திறனை 178க்குத்தான் ஏற்றியது. அதற்கே இன்டர்கூலர் வைத்து, சஸ்பென்ஷனை இறுக்கி, சக்கரத்தையும் மாற்றியது.

நம் கோயம்புத்தூரிலும் நடந்தது. ரேஸ் ஓட்டுநராக இருந்த ஜே. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 2018இல் டியாகோ ஜே.டி.பி. என்ற காரைக் கொண்டுவந்தார்கள். 85 குதிரைத்திறன் இருந்த குடும்பக் கார், டர்போ இன்ஜினுடன் 114 ஆனது. சஸ்பென்ஷன், சக்கரம், கியர் என்று கூடவே பலதும் மாறின. விலை 6.39 லட்சத்தில் தொடங்கியது. முழு வாரண்டி, முறையான ஆர்.சி. 2020இல் பி.எஸ்.-6 வந்தபோது விற்பனை நின்றுவிட்டது. மாட்டத் தெரிந்தவர்கள் எத்தனை இடத்தில் கை வைத்தார்கள் என்பதைப் பையனுக்குக் காட்ட இந்தக் காரைத்தான் உதாரணம் சொன்னேன்.

நாலாவது கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

இதை இங்கே இருக்கும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆனது. சி.என்.ஜி. கிட் போல அங்கீகாரம் பெற்றவற்றுக்கு ஆர்.டி.ஓ. வழியாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. கடையில் வாங்கி மாட்டுகிற டர்போவுக்கு அந்த வசதி இல்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால், விபத்து நடந்த அன்று கிளெய்ம் தகராறு ஆகும். காரின் மேல் கடன் இருந்தால் ஆர்.சி.யில் வங்கியின் பெயரும் இருக்கும். அடமானச் சொத்தை வங்கியைக் கேட்காமல் வெட்டி ஒட்டுவதை எந்தக் கடன் பத்திரமும் ஒத்துக்கொள்ளாது. அந்தப் பத்திரத்தில் இருந்த ஜாமீன் கையெழுத்தும் என்னுடையது! நான் கொஞ்சம் குரலை உயர்த்தியது அந்த இடத்தில்தான்.

கடைசிக் கேள்வியைக் கேட்டது மெக்கானிக். "இப்ப இருக்கிற இன்ஜின் எப்படி இருக்கு?" என்றார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் பார்த்தார். மூன்று சிலிண்டர் 170க்கு மேல் காட்டின. ஒன்று 130இல் நின்றது. "தம்பி, இது இப்பவே தேஞ்சிருக்கு. இதுல டர்போ போட்டா உங்க மாமா பணம் ஒரு மாசம்கூட ஓடாது" என்றார். பழைய பாக்கி இருக்கிற கணக்குக்குப் புதுக் கடன் கொடுக்க மாட்டோம் என்று நாங்கள் கவுண்டரில் சொல்வோமே, அதேதான்.

திரும்பி வரும்போது அவன் வாயே திறக்கவில்லை. இரண்டு மாதம் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. "அப்பா இல்லாத பையன், ஒரே ஒரு ஆசை, அதையும் கணக்குப் போட்டுக் கெடுத்துட்டீங்களேண்ணா" என்று தங்கை ஃபோனில் அழுதாள். எனக்கும் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஆசையில் தப்பில்லை. எனக்கும் அந்த வயதில் அது இருந்தது. எண்பதுகளில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், கார் ரேஸ் நடக்கும். பேங்கில் சேர்ந்த புதிதில் நண்பர்களோடு டிபன் டப்பா கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கோவை கரிவரதன் பெயரை அங்கேதான் முதலில் கேட்டேன். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் டிராக் வந்தது. அதுவும் பையன் தினம் வேலைக்குப் போகிற பாதையில்தான்.

அதனால் ஒரு யோசனை செய்தேன். இன்ஜினைச் சரி செய்ய நாற்பத்தெட்டாயிரம் கொடுத்தேன். சிறகைக் கழற்றி, தாழ்த்தியதைப் பழையபடி உயர்த்தச் சொன்னேன். பிரேக் பேடும் டயரும் புதிதாகப் போட்டோம். டிராக்கில் பொதுமக்கள் கட்டணம் கட்டிச் சொந்தக் காரை ஓட்டுகிற நாட்கள் உண்டு. அப்படி ஒரு நாளில் ஹெல்மெட்டோடு அவனை அனுப்பிவிட்டு, நான் தொப்பி போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன்.

இறங்கி வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "மாமா, வளைவுல எங்க பிரேக் போடணும்னே எனக்குத் தெரியல. இந்த காரையே எனக்கு முழுசா ஓட்டத் தெரியலையே" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இளநீர் வாங்கிக் கொடுத்தேன். இப்போது கம்பெனியே டர்போ வைத்து விற்கிற கார் ஒன்றுக்காக மாதம் ஆறாயிரம் ஆர்.டி. கட்டுகிறான். ஆசை போகவில்லை, போகவும் வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம் மலைப்பாதை வளைவும் திருப்பதி ரோடும் ரேஸ் டிராக் இல்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து இரவில் நடந்து வருகிறவர்களுக்கு நீங்கள் வருகிற வேகம் தெரியாது. வேகம் வேண்டுமென்றால் டிராக் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பையன் டர்போ என்று சொன்னதும் கத்தாதீர்கள். எஸ்டிமேட் கேளுங்கள். கூடவே மெக்கானிக்கிடம் போய் உட்காருங்கள். முதலில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். யாருக்காவது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன். கூட்டல் கணக்குக்கு நான் பொறுப்பு.