இடி விழுந்த குவிமாடம்

மஞ்சள் அட்டை. அதுல அமெரிக்க நாடாளுமன்றத்தோட வெள்ளைக் குவிமாடம். வானத்துல இருந்து ஒரு மின்னல் நேரா அது தலையில இறங்குது. 1982 பிப்ரவரியில வந்த, 'பேட் பிரெயின்ஸ்'ங்கிற இசைக்குழுவோட அதே பேர் ஆல்பம் இது. அப்போ இசைத்தட்டா வரல. ரோயர்ங்கிற நியூயார்க் கம்பெனி கேசட்டா மட்டும்தான் போட்டாங்க. 15 பாட்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல.

இவங்க வாசிச்சது ஹார்ட்கோர் பங்க், அதிவேகமான முரட்டு ராக். ஹார்ட்கோர் பங்க்னாலே வாசிக்கத் தெரியாத பசங்க போடுற இரைச்சல்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இந்தக் கேசட்டைக் கேட்டவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. பாடினவர் எச்.ஆர்., டிரம்ஸ் அவர் தம்பி ஏர்ல் ஹட்சன், கிட்டார் டாக்டர் நோ, பேஸ் டேரில் ஜெனிஃபர். நாலு பேரும் வாஷிங்டன் பக்கத்துக் கறுப்பின இளைஞர்கள். 1970-களில் ஜாஸ் ஃப்யூஷன் வாசிச்சுப் பழகின கை. அதனால பாட்டு எவ்வளவு வேகமா ஓடினாலும் காலப்பிரமாணம் நழுவாது. 'பே டு கம்' ஒன்றரை நிமிஷம்கூட இல்ல. அதுக்குள்ள கிட்டார் எத்தனை தடவை சட்டுனு நின்னு, அடுத்த அடியிலயே திரும்ப எடுக்குதுன்னு எண்ணிப் பாருங்க. டிரம்ஸும் கிட்டாரும் மயிரிழைகூட விலகாது.

அவ்வளவு ஆவேசத்துக்குள்ள இவங்க என்ன சொல்ல வந்தாங்க? அந்தக் காலத்து பங்க் பாடல்கள்ல 'எதுவும் உருப்படாது'ங்கிற விரக்தி நிறைய இருந்தது. இவங்க அதுக்கு நேர் எதிரா நின்னாங்க. நெப்போலியன் ஹில் 1937-ல எழுதின சுயமுன்னேற்றப் புத்தகத்துல இருந்து 'நேர்மறை மனப்பான்மை'ங்கிற கருத்தை எடுத்து, 'ஆட்டிட்யூட்'னு ஒரு பாட்டாவே ஆக்கிட்டாங்க. மனசு தளராம இருக்கிறதே இவங்களுக்கு ஒரு எதிர்ப்புதான். சொந்த ஊர் கிளப்கள்லயே இவங்களுக்கு மேடை கிடைக்காம போச்சு. 'பேண்ட் இன் டி.சி.' ('வாஷிங்டன்ல தடை') அந்தக் கோபத்துல பிறந்தது. ஆனா அதுல புலம்பல் கிடையாது. நீங்க மூடினா நாங்க வேற வழி பார்த்துக்கிறோம்ங்கிற மிடுக்குதான் இருக்கு.

அதுக்கு அடுத்த பாட்டுல வேகம் அப்படியே விழுந்துடுது. 'ஜா காலிங்', வார்த்தையே இல்லாத ரெகே, ஜமைக்கா இசை. நாலு பேரும் அதே ஜமைக்காவோட ரஸ்தஃபாரி நெறியைப் பிடிச்சுக்கிட்டவங்க. அந்த நெறியில மனுஷனை ஒடுக்கற அதிகாரத்துக்கு 'பாபிலோன்'னு பேர். ரெகே பாட்டை இந்தக் கேசட்டுல இளைப்பாறுறதுக்காக வைக்கலங்கிறது என் உறுதியான எண்ணம். வேகமான பாட்டுல யாரை எதிர்த்தாங்களோ, அவங்களையேதான் நிதானமான பாட்டுலயும் எதிர்க்கிறாங்க. 'லீவிங் பாபிலோன்' கேட்டுட்டு அந்த மஞ்சள் அட்டையைத் திரும்ப எடுத்துப் பாருங்க. மின்னல் ஏன் வேற எங்கேயும் விழாம அந்தக் குவிமாடத்து மேலயே விழுதுன்னு அப்போ புரியும்.