பட்டினி போட்டு வளர்க்கிற செடி



"அபூர்வச் செடிகளை வீட்டில் வளர்ப்பது ரசனையா? ஆடம்பரமா?" இது இன்றைக்குத் தலைப்பு. ரசனைதான் என்று பேச வந்திருக்கிறேன். எங்கேயிருந்து வந்திருக்கிறேன் தெரியுமா? பங்களாவிலேர்ந்து இல்லீங்க. வடசென்னை, மூலக்கொத்தளம். பேரைச் சொன்னதும் பாதிப் பேருக்குச் சுடுகாடு ஞாபகம் வரும். வரட்டும். 1939-இல் மொழிப் போராட்டத்தில் சிறைக்குப் போய் உயிரைவிட்ட நடராசனும் தாளமுத்துவும் அடங்கியிருக்கிற மண் அது. எங்களுக்கு அதிலே பெருமைதான். (கைதட்டல்)

மூணாவது மாடி, ஒரு ஹால், ஒரு சமையலறை, நாலடி அகலத்துக்கு ஒரு பால்கனி. துணி காயப்போட்டது போக மிச்சம் இருக்கிற இடம்தான் என் தோட்டம்.

எதிரணி அண்ணன் ஆவேசமா ஒரு கேள்வி கேட்டார். "குடத்துக்குச் சண்டை போடுற ஊர்ல, பூச்சி தின்னுற செடிக்குத் தண்ணி ஊத்தி, தீனி போட்டு வளர்க்கிறது திமிர் இல்லையா?" கைதட்டலும் வாங்கிட்டார். அண்ணே, கேள்வி நியாயமான கேள்வி. ஆனா அந்தச் செடியை நீங்க வளர்த்ததில்லைன்னு தெரியுது. ஏன்னா நம்ம போர்த் தண்ணியை அதுக்கு ஊத்தினா செத்தே போயிடும்! தீனியும் போட வேண்டாம். உரமும் போடக் கூடாது. (சிரிப்பு)

நடுவர்: அப்ப அதுக்கு என்னதாம்மா வேணும்?

கொடுக்காம இருக்கத் தெரியணும் ஐயா. அதுதான் கஷ்டம். நம்ம ஊர்ல அன்புன்னா என்ன? "இன்னும் ரெண்டு இட்லி போட்டுக்கோ." அந்த அன்பு இந்தச் செடிகிட்ட செல்லாது.

ஏன்னு சொல்றேன். இந்தச் செடிங்க பிறந்த மண்ணுல சத்தே கிடையாது. மழை அடிச்சு அடிச்சு எல்லாச் சத்தும் கரைஞ்சு போன மண்ணு. வேர் வழியா கிடைக்காத நைட்ரஜனை, இலை வழியா பூச்சிகிட்டேர்ந்து எடுத்துக்குது. அதுக்காகத்தான் குடுவைச்செடியோட இலை நுனி நீண்டு, தொங்கி, சொம்பு மாதிரி ஆகுது. சினிமாவுல காட்டுற மாதிரி மூடி டபக்குன்னு மூடாதுங்க. அந்த மூடி, மழைத் தண்ணி உள்ளே ரொம்பாம இருக்கிறதுக்குப் பிடிச்ச குடை. வாய் ஓரத்திலே தேன் சுரக்கும். எறும்பு வரும், வழுக்கும், உள்ளே விழும். அவ்வளவுதான் கதை. இதை வாங்கி வெச்சா வீட்ல கொசு போயிடும்னு ஒரு கடைக்காரர் என்கிட்டயே சொன்னார். கொசுவுக்குக் கொசுவலைதான் கட்டணும்.

நம்ம தமிழ்நாட்டிலேயே இந்தக் கூட்டத்துச் செடி உண்டு. பேரு அழுகண்ணி. சித்த மருத்துவத்துல கற்ப மூலிகைன்னு சொல்வாங்க. நீலகிரியிலே ஈரமான புல்தரையிலே இந்தச் சாதியைப் பார்க்கலாம். இலை நிறைய முடி, முடி நுனியிலே ஒவ்வொரு துளி, கண்ணீர் மாதிரி. அது பனித்துளி இல்லை, பசை. பூச்சி ஒட்டிக்கிட்டா முடியெல்லாம் மெதுவா வளைஞ்சு அதை அமுக்கும். சார்லஸ் டார்வின் இந்தச் செடிக்குப் பாலு, முட்டை வெள்ளைக்கரு, இறைச்சித் துண்டெல்லாம் வெச்சு வருஷக்கணக்கா சோதனை பண்ணி, 1875-இல் பூச்சி உண்ணும் செடிகளுக்குன்னு ஒரு புத்தகமே போட்டார். நம்ம ஆளுங்க சோதனை பண்ணினாங்களோ இல்லையோ, பேரு வெச்சாங்க பாருங்க, அழுகண்ணி! எனக்கு டார்வின் புத்தகத்தைவிட அந்தப் பேரு பெரிசு. (கைதட்டல்)

இப்ப தண்ணி விஷயத்துக்கு வர்றேன். கடல் பக்கம் இருக்கிற ஊரு எங்க ஊரு. போர்த் தண்ணியிலே துணி துவைச்சா நுரை வராது. அந்த உப்பு வேர்ல தங்கினா குடுவைச்செடி இலை நுனியிலேர்ந்து கருக ஆரம்பிக்கும். இதுக்கு வேண்டியது மழைத் தண்ணி. ஒரு சதுர மீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டைப் பால்கனி கம்பியிலே கட்டினா, ஒரு சென்டிமீட்டர் மழைக்குப் பத்து லிட்டர் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகையிலே நாலு நல்ல மழை பிடிச்சா, மூடி போட்ட கேன்ல மாசக்கணக்கா வரும். ஒண்ணு, முதல் மழையைப் பிடிக்காதீங்க. எங்க பக்கம் காத்துல லாரித் தூசி இருக்கு. முன்னாடி துறைமுகத்துல நிலக்கரி இறக்கினாங்க, 2011-இல் கோர்ட் உத்தரவாலதான் அது நின்னுது. அப்பல்லாம் இலையைத் துடைச்சா துணி கறுப்பாகும். இப்பவும் முதல் மழை கூரையைக் கழுவட்டும், ரெண்டாவது மழை செடிக்கு.

மழை இல்லாட்டி? கீழே செல்போன் கடை ஏ.சி. மெஷின் சொட்டுது, அதுல உப்பு இல்லை. ஆர்.ஓ. தண்ணியும் ஆகும், ஆனா ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற கழிவுத் தண்ணியை மட்டும் ஊத்திடாதீங்க, அதுலதான் எல்லா உப்பும் சேர்ந்து வருது. 2019 கோடையிலே சென்னை எப்படித் தவிச்சது? ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல 25 லட்சம் லிட்டர் வந்ததே, அந்தக் கோடையிலே எங்க தெருவிலே லாரி தண்ணிக்கு வரிசை நின்னோம். அந்த வரிசைத் தண்ணியிலே ஒரு டம்ளர்கூட என் செடி குடிக்கலைங்க. சொட்டுற ஏ.சி. தண்ணியைத்தான் குடிச்சுது. அண்ணன் இதைக் குறிச்சுக்கணும். (கைதட்டல்)

மண்ணா? தொழு உரம் போட்ட தோட்டத்து மண் ஆகவே ஆகாது. தேங்காய் நார்த் தூளை நாலு தடவை நல்ல தண்ணியிலே அலசி உப்பை எடுத்துட்டு, அதோட பாசியும் கொஞ்சம் அடுப்புக்கரியும். காலை வெயில் வேணும், கத்திரி வெயில் வேண்டாம். குடுவை வராம வெறும் இலையா வந்தா, வெளிச்சமோ காத்திலே ஈரமோ போதலைன்னு அர்த்தம், உரம் போதலைன்னு அர்த்தம் இல்லை. தொட்டிக்கு அடியிலே தட்டு வெச்சா நாலு நாளைக்கு ஒரு தடவை கொட்டிடுங்க. டெங்குக் கொசு நல்ல தண்ணியிலேதான் வளரும்.

வாயை மூடுற செடி ஒண்ணு, வீனஸ் ஈப்பொறி, அதையும் விக்கிறாங்க. அது அமெரிக்காவிலே கரோலினா பக்கத்துச் செடி. உள்ளே இருக்கிற முடியை இருபது செகண்டுக்குள்ளே ரெண்டு தடவை தொட்டாத்தான் மூடும். ஒரு தடவை பட்டா தூசின்னு விட்டுடும், ரெண்டாவது தடவையும் பட்டா உயிருன்னு கணக்கு. அருமையான செடி. ஆனா அதுக்கு வருஷத்துல மூணு மாசம் குளிர் வேணும். மூலக்கொத்தளத்துல குளிருக்கு நான் எங்கே போவேன்? ஃபிரிட்ஜிலே வெச்சா எங்க வீட்டுக்காரர் என்னை வெளியே வெச்சிடுவார். (சிரிப்பு) அதனால அதை நான் வாங்கவே இல்லை. நம்ம புழுக்கத்துக்கு ஒத்துப்போறது தாழ்நிலத்துக் குடுவைச்செடிங்கதான். அவ்வளவு சிரமம் வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு இருக்கவே இருக்கு ஹோயா.

ஹோயான்னா யாரோ வெளிநாட்டுக்காரின்னு நினைக்காதீங்க. நம்ம பிள்ளையாருக்கு மாலை போடுற எருக்கஞ்செடியோட சொந்தக்காரி! ரெண்டும் ஒரே குடும்பம். ஒடிச்சா பால் வரும், பூவும் அதே அஞ்சு முனை நட்சத்திரம், மெழுகிலே வார்த்த மாதிரி. 1810-இல் ராபர்ட் பிரவுன்னு ஒரு தாவர அறிஞர், தாமஸ் ஹோய்ங்கிற தோட்டக்காரரோட பேரை இதுக்கு வெச்சார். ராஜா பேரு இல்லை, பிரபு பேரு இல்லை, தோட்டக்காரர் பேரு! (கைதட்டல்) நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலேயும் ஹோயா இருக்கு. சென்னையிலே இருந்து தென்னிந்தியச் செடிகளைப் பத்திப் பெரிய பெரிய புத்தகம் போட்ட டாக்டர் ராபர்ட் வைட் பேரையே அதுல ஒண்ணுக்கு வெச்சிருக்காங்க. அவர் புத்தகத்துக்குப் படம் வரைஞ்சவங்க ரங்கையா, கோவிந்துன்னு நம்ம ஆளுங்க. அவங்க பேரையும் சேர்த்துச் சொல்லணும்.

ஹோயாவும் நிறையக் கொடுத்தா செத்துடும். மரத்துமேல தொத்தி வளர்ற கொடி, வேர் மூச்சு விடணும். சின்னத் தொட்டி போதும். இலையை லேசா மடக்கிப் பாருங்க. விறைப்பா நின்னா தண்ணி வேண்டாம், சப்பாத்தி மாதிரி மடங்கினா ஊத்துங்க. முக்கியமான சேதி: பூ உதிர்ந்ததும் மொட்டையா ஒரு காம்பு நிக்கும். அசிங்கமா இருக்குன்னு வெட்டிடாதீங்க. அடுத்த தடவையும் அதே காம்பிலேதான் பூக்கும்.

பிப்ரவரி மாசம் இதயம் மாதிரி ஒத்தை இலையைச் சின்னத் தொட்டியிலே வெச்சு விப்பாங்க. அதுவும் ஹோயாதான். வாங்கறதுக்கு முன்னாடி தண்டுக் கணு இருக்கான்னு கேளுங்க. வெறும் இலைன்னா வேர் விடும், வருஷக்கணக்கா பச்சையாவும் இருக்கும், ஆனா கொடி மட்டும் வராது.

ஐயா, மணி அடிக்கிறதுக்குள்ளே ஒண்ணு சொல்லிடறேன். இந்தத் தலைப்பிலே எனக்கு உண்மையிலேயே பயம் தர்ற விஷயம் இதுதான். இந்தியாவுக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு குடுவைச்செடி வகை. மேகாலயா மலையிலே மட்டும் இருக்கு. காரோ மக்கள் அதை மேமாங் கோக்சின்னு சொல்றாங்க, பேயோட கூடைன்னு அர்த்தம். சுரங்கத்தாலும், காடு அழியறதாலும், பிடுங்கி விக்கிறவங்களாலும் குறைஞ்சுக்கிட்டே வருது. வனவிலங்குச் சட்டத்தை 1991-இல் திருத்தினபோது பாதுகாக்க வேண்டியதுன்னு ஆறே ஆறு செடி வகையைப் பட்டியல்ல போட்டாங்க, அதுல இது ஒண்ணு. அனுமதி இல்லாம வளர்க்கவும் முடியாது, விக்கவும் முடியாது. இன்னொண்ணு கேளுங்க. இந்தச் சாதியிலே ஆண் செடி வேற, பெண் செடி வேற. ஒரு சரிவுல இருக்கிற பெண் செடிங்களை ஒருத்தன் பிடுங்கிட்டான்னா, மிச்சம் நிக்கிற ஆண் செடி பூக்கும், ஆனா விதைக்காது. பிடுங்கினதும் பிழைக்கிறது அபூர்வம். தலைமுடி மாதிரி மெல்லிசான கறுப்பு வேர், தொட்டாலே ஒடியும்.

எதிரணி அண்ணன் ஆடம்பரம்னு சொன்னது அந்த வாங்கலைப் பத்தின்னா, நான் அவர் பக்கம். ஆனா என் பால்கனியிலே இருக்கிறது நர்சரியிலே குச்சி வெச்சு வளர்த்த கலப்பு ரகம், பிலிப்பைன்ஸ் தீவுச் செடிங்க ரெண்டு கலந்தது. வாங்கும்போதே கேட்டேன்: "இது எங்கே வளர்ந்தது? நீங்க வளர்த்தீங்களா, வந்ததா?" பதில் சொல்ல யோசிக்கிற கடையிலே நான் நிக்கிறதில்லை. தடியான பழைய தண்டு, ஒடிஞ்ச வேர், ஒட்டிக்கிட்டிருக்கிற காட்டு மண், இதைப் பார்த்தா விலை மலிவா இருந்தாலும் வாங்காதீங்க. (மணி)

முடிச்சுடறேன் ஐயா. அண்ணே, கீழே என் கைப்பையிலே ஈரத்துணியிலே சுத்தி ஒரு சாண் ஹோயாக் கொடி வெச்சிருக்கேன். உங்களுக்குத்தான். காசு வேண்டாம். ரெண்டு கணு உள்ளே போற மாதிரி நட்டு, ஜன்னல் ஓரம் வெச்சிட்டு மறந்துடுங்க. இதுக்குக் குழாய்த் தண்ணியே போதும்.

(பலத்த கைதட்டல்)