மோட்டார் சைக்கிளின் கரும்புகை
(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



உரத்தைப் பற்றியும் விதையைப் பற்றியும் இத்தகைய கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். மோட்டார் சைக்கிள் விடும் புகைக்கும் கிராம அபிவிருத்திக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று சிலர் கேட்கக்கூடும். முன்னாளில் வண்டியும் மாடும் செய்த வேலையில் ஒரு பெரும் பங்கை இப்போது மோட்டார் சைக்கிளே செய்து வருகிறது. பால் கேன் அதில் போகிறது. புல்லுக்கட்டு அதில் வருகிறது. உர மூட்டையும் பள்ளிப் பிள்ளையும் அதன்மீதே பயணம் செய்கின்றன. மாடு ஒரு வேளை இரை எடுக்காவிட்டால் மருத்துவரைத் தேடி ஓடுகிற நாம், வண்டி கரும்புகை கக்கினால் 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். மாட்டின் நோய்க்கு இது நேர்மாறானது. அளவுக்கு மீறி இரை தின்பதே இந்த வண்டியின் நோய்.

பெட்ரோல் தனியாக எரிவதில்லை. ஒரு பங்கு எடை பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு எடை காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று தேவை. இந்த விகிதத்தில் காற்று குறைந்தோ பெட்ரோல் மிகுந்தோ போனால், எரியாத கரி புகையாக வெளியேறும். அரை வேக்காடாக எரிந்த பகுதி கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவாகும். அடுப்பில் ஈர விறகைத் திணித்து ஊதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது இங்குள்ள தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

புகையின் நிறத்தை முதலில் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். நீலம் கலந்த புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். அது பிஸ்டன் வளையம், வால்வு சீல் ஆகியவற்றின் தேய்மானம். கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் தீராது. மார்கழிக் காலையில் சிறிது நேரம் வரும் வெண்புகை வெறும் நீராவி. இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டுகள் பெட்ரோலுடன் ஆயிலையும் சேர்த்து எரிப்பவை. அவற்றில் சிறிது நீலப்புகை இயல்பே. 'கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது' என்று கையளவில் ஆயில் ஊற்றுவோர் உண்டு. கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றுவதால் சைலன்சர் அடைப்பதைத் தவிர ஒரு பயனும் இல்லை.

இதில் நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டி மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுத்தால் 20 லிட்டர் போதும். அதே வண்டி 45 கொடுத்தால் 26 லிட்டருக்கும் மேல் ஆகும். லிட்டர் ரூ. 100 என்று கொண்டால் மாதம் ரூ. 650-க்குக் குறையாமல் புகையாகப் போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 8,000. இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வருமாயின், எஞ்சின் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம். அந்த ஆயிலை உடனே மாற்ற வேண்டும்.

காரணத்தைத் தேடும்போது செலவில்லாததிலிருந்து தொடங்குவதே முறை. பால் ஊற்றும் அன்பர் ஒருவர் தம் வண்டிக்குக் கார்புரேட்டரையே புதிதாக மாற்றினார், புகை நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் ஏர் பில்டரில் இரண்டு கோடைக்காலத்துப் புழுதி அடைத்துக் கிடந்தது! நம் மண் சாலைகளில் ஓடும் வண்டிக்கு, நகரத்து வண்டிக்குச் சொன்ன கெடு பொருந்தாது. அதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஸ்பாஞ்சு பில்டரை மண்ணெண்ணெயிலோ சோப்பு நீரிலோ கசக்கி, உலர்த்தி, எஞ்சின் ஆயிலில் தோய்த்துப் பிழிந்து மாட்டலாம். காகித பில்டரை நனைக்கக் கூடாது. மெல்லத் தட்டி, உட்புறமிருந்து காற்றடித்து, மிகவும் கறுத்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பில்டரையே கழற்றி எறிந்துவிட்டு 'இப்போது நன்றாக இழுக்கிறது' என்று மகிழ்வோரும் இருக்கின்றனர். அவர்கள் சாலைப் புழுதியைச் சிலிண்டருக்குள் அனுப்பி, உப்புக்காகிதம் வைத்துத் தேய்ப்பதற்கு ஒப்பான காரியத்தைச் செய்கின்றனர்.

பில்டருக்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது சோக். காலையில் இழுத்த சோக்கைத் தள்ள மறந்து நாள் முழுதும் ஓட்டுவதும் உண்டு; லீவரைத் தள்ளிய பிறகும் கேபிள் துருப்பிடித்து உள்ளே சிக்கிக் கிடப்பதும் உண்டு. குளிர்ந்த நிலையில் ஓர் உதையில் கிளம்பி, சூடேறிய பின் திணறும் வண்டியைக் கண்டால் சோக்கையும் கார்புரேட்டரையும் சந்தேகிக்கலாம்.

எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்ரோல் திறப்பானைக் கையால் மூடக்கூடிய வண்டிகளில், சூடேறிய எஞ்சினை நின்றபடி ஓடவிட்டுத் திறப்பானை மூடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் இறங்க இறங்க, எஞ்சின் அணையுமுன் சற்று வேகமெடுத்துச் சீராக ஓடினால், அதுவரை பெட்ரோல் மிகுதியாக ஓடிற்று என்று பொருள். இந்தச் சோதனையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். ஏன் என்பதைப் பின்னர் சொல்வோம்.

கிண்ணத்தினுள் ஒரு மிதவை உண்டு. தண்ணீர்த் தொட்டி மிதவை போன்றே, மட்டம் ஏறியதும் அது ஊசி வால்வை மூடும். டாங்கின் துருத்தூள் ஒன்று அந்த ஊசியின் வாயில் சிக்கினாலும், ஊசிமுனை தேய்ந்தாலும் மட்டம் உயர்ந்து, வழிவு குழாயில் பெட்ரோல் சொட்டும். நிறுத்திய இடத்தில் மண் நனைந்திருக்கிறதா என்று காலையில் பார்த்தாலே இதை அறியலாம். இரவில் திறப்பானை மூடிவைக்கும் பழக்கம் நல்லது. பல்லாண்டு ஓடிய வண்டியில், ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் பித்தளை ஊசியும் அதன் துளையும் தேய்ந்து, நடு வேகத்தில் மட்டும் புகை கக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

திருகாணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஏர் பில்டர் பக்கம் அமைந்த காற்றுத் திருகாணியை வெளியே திருகினால் கலவை நீர்க்கும். எஞ்சின் பக்கம் அமைந்த எரிபொருள் திருகாணியை வெளியே திருகினால் கலவை இன்னும் செறியும். இந்த வேறுபாடு அறியாமல் திருகிப் பார்த்துக் கெடுத்த வண்டிகள் அநேகம். எதைத் தொடுவதானாலும், முதலில் மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு, பழைய இடத்திற்கே திருப்பிக் கொண்டுவந்து, பிறகு கால் சுற்றாக மாற்ற வேண்டும். மேலும், இது நின்றபடி ஓடும் வேகத்தையே பெரிதும் பாதிக்கும். சாலையில் முழு வேகத்தில் வரும் புகை இதனால் தீராது.

மெக்கானிக்கிடம் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முனை பிஸ்கட் நிறமாக இருந்தால் கலவை சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையுடன் கறுத்திருந்தால் ஆயில் எரிகிறது. பிளக்கே கெட்டுப் பொறி பலவீனமாக இருந்தாலும் பெட்ரோல் எரியாமல் போகும் என்பதையும் மறக்கலாகாது.

மலை வட்டாரத்து அன்பர்களுக்கு ஒரு தனிச் செய்தி. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்த கார்புரேட்டர், மலையேறியதும் தானாகவே பெட்ரோல் மிகுதியாகிவிடும். இது வண்டியின் குறையன்று. நிரந்தரமாக மேலே ஓடும் வண்டிக்குச் சிறிய ஜெட் போடலாம். அதோடு சமவெளிக்கு இறங்கி நெடுந்தூரம் ஓட்டினால் எஞ்சின் கொதிக்கும்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சும் கருவி இருக்கிறது. அளவை ஒரு சிறு கணினி கவனிக்கிறது. இவற்றில் மஞ்சள் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிந்தால் உணரியில் கோளாறு இருக்கலாம். திருகுளியை எடுக்காமல் தக்க கருவியுள்ள பணிமனைக்குச் செல்வதே உசிதம். இத்தகைய புது வண்டியில் பெட்ரோல் மிகுந்தால், சைலன்சருக்குள் உள்ள வினையூக்கியில் அது எரிந்து அளவு மீறிய சூட்டை உண்டாக்கும். அந்தச் சைலன்சரை வைக்கோல் பரப்பிய களத்தில் நிறுத்துவது நெருப்போடு விளையாடுவதாகும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது பிடித்துக்கொள்கிறது. திருட்டுக்கு அஞ்சி வண்டியை வீட்டுக்குள் நிறுத்துகிறோம், அதில் தவறில்லை. ஆனால் மழைநாளில் கதவைச் சாத்தியபடி அங்கேயே ஸ்டார்ட் செய்து சூடேற்றுவது உயிருக்கு அபாயம். பக்கத்து அறையில் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும். சாத்திய பம்ப் அறையில் பெட்ரோல் எஞ்சினை ஓட்டுவதும் இத்தகையதே. தலைவலி, மயக்கம், வாந்தி கண்டால் பாதிக்கப்பட்டவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து உதைப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

புகைச் சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள. புது வண்டிக்கு முதல் ஓராண்டு வேண்டியதில்லை. பிறகு பாரத் ஸ்டேஜ் 4, 6 வண்டிகளுக்கு ஆண்டுக்கொரு முறையும், அவற்றிற்கு முந்தியவற்றுக்கு ஆறு மாதத்திற்கொரு முறையும் பெற வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் ரூ. 10,000 வரை விதிக்கலாம். சான்றிதழுக்குப் போகுமுன் பில்டரையும் பிளக்கையும் பார்த்துக்கொண்டு போனால் பெரும்பாலான வண்டிகள் தேறிவிடும். ஊராட்சி உறுப்பினர்கள், கிராம சபை கூடும் ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2-க்கு அடுத்த நாளில் அங்கீகாரம் பெற்ற நடமாடும் சோதனை வண்டியை ஊருக்கே வரவழைக்கலாம். வேலை நாளை இழந்து ஒவ்வொருவரும் நகரத்திற்கு அலைய வேண்டியிராது.

வெளியே வேப்பமரத்தடியில் மெக்கானிக் ஒருவர் காத்திருக்கிறார். உங்கள் வண்டிகளில் நான்கைந்தின் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துக் காட்டும்படி அவரைக் கேட்டிருக்கிறோம். எது யாருடைய வண்டி என்று அவர் சொல்லமாட்டார். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.