பாலைவனத்தில் செம்பருத்தியின் சொந்தம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கும் ஆவலில் இருக்கிறீர்கள். நீட்டி முழக்க மாட்டேன். பாலைவனத்துப் பூக்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

"பாலைவனத்துல ஏதய்யா பூ?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் சிரிக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில், கலிபோர்னியாவில் 'டெத் வேலி' என்றோர் இடம். மரணப் பள்ளத்தாக்கு என்று பொருள். அதன் அடிமட்டம் கடல் மட்டத்துக்கும் 86 மீட்டர் கீழே கிடக்கிறது. 1913-ஆம் ஆண்டு அங்கே பதிவான வெப்பம் 56.7 பாகை செல்சியஸ். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 2 அங்குலந்தான். நமக்கு அது ஒரு சாயங்கால மழை! 2015 அக்டோபரில் அங்கே பெருமழை கொட்டி வெள்ளம் வந்தது. 2016 இளவேனிலில் பள்ளத்தாக்கே மஞ்சளாகிவிட்டது. அங்கத்திய விதைகள் பலவற்றின் தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள் உண்டு. தூறலுக்கு அவை ஏமாறா. நல்ல மழை கழுவினால்தான் முளைக்கும்.

மகளைப் பார்க்கப் போயிருந்த நான் அந்தச் சமயத்தில் அங்கே நின்றேன். கையில் பூக்களை அடையாளம் காட்டும் புத்தகம். நிறத்தைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டு என்கிறது. மஞ்சள் பகுதியைத் திறந்தால் பக்கம் பக்கமாக மஞ்சள்! ஒரு பெயரை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். படித்தவன் என்று பேர்!

அலுத்துப்போய்க் கீழே உட்கார்ந்தபோது, செம்மஞ்சளில் ஒரு சின்னப் பூ. ஐந்து இதழ். நடுவே மகரந்தக் காம்புகளெல்லாம் ஒன்றாய் ஒட்டித் தூண்போல நிற்கின்றன. அட, இது நம்ம லயத்து வேலியில் இருக்கிறதே! செம்பருத்தியில் நீண்டு தலைநீட்டும் அதே தூண், இங்கே குட்டை. புத்தகத்தில் செம்பருத்திக் குடும்பத்தைத் தேடினேன். இரண்டே நிமிடம்! 'டெசர்ட் குளோப்மாலோ' என்று பெயர் கிடைத்துவிட்டது. சற்றுத் தள்ளி இன்னொன்று. இளஞ்சிவப்புக் கிண்ணம், ஒவ்வோர் இதழிலும் உள்ளே ஒரு சிவப்புப் பொட்டு. 'டெசர்ட் ஃபைவ்ஸ்பாட்'. அதுவும் அதே குடும்பம்.

பிறகு மஞ்சளிடம் திரும்பினேன். அங்கே பூப்பறிக்கச் சட்டம் இடந்தராது; குனிந்துதான் பார்க்க வேண்டும். ஒரு பூவென்று நினைத்தது, ஒரே தட்டில் நெருங்கிய பல சின்னப் பூக்கள். அப்படியானால் சூரியகாந்திக் குடும்பம். நம் வெட்டுக்காயப் பூண்டும் அப்படித்தான். இலையிலே நரைமயிர். 'டெசர்ட் கோல்ட்' என்று முடிவாயிற்று. மணலில் படர்ந்து, தொட்டால் பிசுபிசுக்கும் ஊதாச் செடி 'சேண்ட் வெர்பீனா'. நம் காகிதப்பூவுக்கும் அந்திமந்தாரைக்கும் உறவு.

அந்தப் பக்கத்துப் பாலைவனங்களில் பெரிய வெள்ளை எக்காளம்போல் பூக்கும் ஊமத்தையும் உண்டு. செடி முழுவதும் நஞ்சு. அதற்கு எனக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. ஆறு வயதில் முள்ளுக்காய் ஒன்றைப் பறித்து வாயருகே கொண்டுபோனேன். பால்வெட்டிவிட்டு வந்த பாட்டி என் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "டேய், அது ஊமத்தங்காய்டா! வாயில வெக்காதே!" பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் வேலியோரத்துச் செடி அத்தனைக்கும் பெயர் தெரியும். பாதியைக்கூட நான் கேட்டு எழுதி வைக்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களைப் பார்க்கிறேன். பிள்ளைகளே, இன்றைக்குப் பரிசாகக் கிடைக்கும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை அவர்களுக்காக விட்டு வையுங்கள்.

இன்னொன்று. நாளைக் காலை ஒரு செம்பருத்தியைப் பாருங்கள். அந்தத் தூணின் நுனி எத்தனையாகப் பிரிந்திருக்கிறதென்று எண்ணி உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். விடையை நான் சொல்ல மாட்டேன்.