தூற்றும் சொல்



ஆங்கிலத்தில் 'அஸ்பெர்ஸ்' என்றொரு வினைச்சொல் உண்டு. ஒருவர்மீது பழி பரப்புதல் என்பது அதன் பொருள். அதன் இலத்தீன் மூலத்திற்கோ தெளித்தல் என்பதே பொருள். தேவாலயத்தில் புனித நீர் தெளிப்பதைக் குறிக்கும் சொல்லும் அவ்வேரில் பிறந்ததே. தூய்மையாக்கத் தெளிப்பதற்கும் மாசுபடுத்தத் தெளிப்பதற்கும் ஒரே வேர்!

தமிழில் இதற்கு நேர் நிற்பது 'தூற்றுதல்'. மெல்லிய மழை தூற்றல். களத்து நெல்லைக் காற்றில் விட்டுப் பதர் நீக்குவது தூற்றுதல். ஒருவர்மீது பழியை வாரி இறைப்பதும் தூற்றுதலே. தாம்பரத்தைச் சூழ்ந்த சேலையூர், செம்பாக்கம் முதலிய ஊர்கள் ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்த நாளில் இவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை. வயல்கள் மனைகளாகிவிட்ட இன்று, இவ்வூர் மாணவிக்கு முறத்தைக் கையில் கொடுத்தே சொல்லை விளக்க வேண்டும். அதுவும் வீட்டில் முறம் இருந்தால்!

கிரேக்கரும் இவ்வழியே சென்றனர். 'டயபோலோஸ்' என்றால் பழி தூற்றுபவன். அதன் வேர்ப்பொருள் குறுக்கே எறிதல். சாத்தானுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டெவில்' என்னும் பெயர் அதன் வழிவந்தது. எறிதல், தெளித்தல், தூற்றுதல் எனச் சொற்கள் வேறாயினும் கையின் செயல் ஒன்றே. ஆயினும் களத்தில் தூற்றுபவனுக்கு நெல்லாவது மிஞ்சும்.

ஆனால் ஊர்ப்பேச்சு முழுவதையும் பழந்தமிழர் பதராகக் கருதவில்லை. காதலரைப் பற்றி வாய்க்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், பலரறியப் பேசுவதை அலர் என்றும் பிரித்தனர். அலர்தல் என்றால் மலர்தல். புறங்கூறாமைக்கு 19ஆம் அதிகாரம் வகுத்துக் கடிந்த வள்ளுவர், 115ஆம் அதிகாரமாகிய அலரறிவுறுத்தலில், ஊரார் பேச்சையே காதற்பயிருக்கு எருவாக்குகிறார். அலர் எழுந்தால் களவு கற்பாகும்; திருமணம் விரையும். பழிக்குள்ளும் தலைவிக்கு ஒரு வாயில் திறந்திருந்தது.

அந்த வாயில் இன்று எங்கே? தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. அதில் கல்லூரிக்குச் செல்லும் பெண் உடன் பயிலும் இளைஞனோடு நான்கு சொல் பேசினால், தெருவில் எழும் பேச்சை அலர் என்பதா, தூற்றல் என்பதா? அவன் மறுநாளும் அதே ரயிலில் போகிறான். அவள் படிப்பு நிறுத்தப்படுகிறது. அவளைக் கேளாமலே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இங்கும் திருமணம் விரைகிறதுதான், மணமகன் வேறொருவன்.