உறக்கக் குறையும் உணவு வேளையும்

(கோபாலபுரத்தில் கூடிய நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குடும்பங்களில் இராப்பணிக்குச் செல்லும் பிள்ளைகள் இப்பொழுது பலராயினர். மாலையில் இவ்வீதிகளில் வந்து நிற்கும் வண்டியேறிப் பழைய மகாபலிபுரம் சாலைக்குச் சென்று, மேனாட்டார் பகலுக்கு இசைய விழித்திருந்து, விடியலில் மீள்கின்றனர். உறக்கம் கெட்டாலும் நல்ல ஊண் கொடுத்து ஈடு செய்துவிடலாம் என்று தாய்மார் சிலர் எம்மிடம் கூறியதுண்டு. நள்ளிரவில் உண்பதற்கென நெய்ச்சோறும் பொரியலும் டிபன் கேரியரில் கட்டி அனுப்புகின்றனர். அவ்வன்பைக் குறைகூற யாம் வந்தோமில்லை. அவ்வுணவு வயிறு புகும் வேளையைக் குறித்தே பேச வந்தோம்.

உறக்கம் குறைந்தவிடத்துப் பசி மிகும். சிகாகோ பல்கலைக்கழகத்தார் 12 இளைஞரை இரண்டு இரவுகள் நந்நான்கு மணி நேரமே படுக்கையிலிருக்கச் செய்து கண்டதை 2004-ஆம் ஆண்டு வெளியிட்டனர். 'போதும்' என்று உணர்த்தும் லெப்டின் என்னும் சுரப்பு 18 விழுக்காடு குறைந்தது. பசியை எழுப்பும் கிரெலின் 28 விழுக்காடு மிகுந்தது. அவர்கள் நாடியவையும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களே. ஆதலின் காலையில் வீடு திரும்பிய பிள்ளை முறுக்குச் சம்படத்தைத் தேடுவானாயின், அஃது அவன் நாவின் குற்றம் மட்டுமன்று.

நிற்க. பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியொன்று 2021-இல் வெளிவந்தது. 19 பேரை இராப்பணியாளர்போல் விழித்திருக்கச் செய்தனர். ஒரு சாரார் இரவிலும் உண்டனர். மறுசாரார் பகலில் மட்டுமே உண்டனர். முன்னவர்க்கு இரத்தச் சர்க்கரையின் சராசரி 6.4 விழுக்காடு உயர்ந்தது. பின்னவர்க்குக் குறிப்பிடத்தக்க உயர்வில்லை. உடலினுள் ஒரு கடிகாரம் உண்டு. நாம் விழித்திருப்பினும் அதற்கு இரவு இரவே. அப்பொழுது சர்க்கரையைக் கையாளும் வலிமை உடலுக்குக் குறைவு. சிறு கூட்டத்தில் கண்டதேயெனினும், நீரிழிவு மலிந்த நம் நாட்டில் இஃது எண்ணத்தக்கது.

இதனைப் படித்தபொழுது எமக்கு வைகுண்ட ஏகாதசி நினைவு வந்தது. அன்றிரவு விழித்திருப்போர் உண்ணாதிருந்து, துவாதசிக் காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் கூட்டிப் பாரணை செய்வர். முன்னோர் சர்க்கரையை அளந்தே இவ்விதி வகுத்தனர் என்று யாம் சொல்லோம். அங்ஙனம் பேசுதல் இக்காலத்து வீண் பெருமை. ஆயினும் விழிக்கும் இரவில் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்தல் நம் வீடுகளுக்குப் புதிதன்று.

காப்பிக்கும் வேளையுண்டு. பருகிய காபீனில் பாதி நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரமாகும். காலை ஏழு மணிக்குப் படுப்பவர் நள்ளிரவுக்குப் பின் அதனைத் தொடாதிருத்தல் நன்று.

எத்துணைச் சத்துள்ள உணவும் உறக்கமாகாது. வளர்ந்தோர்க்கு 7 மணி நேரமேனும் வேண்டும். உணவால் ஆவது, கேட்டின் ஒரு பகுதியைத் தடுத்தலே. ஆகவே தாய்மார்களே, முழுச் சாப்பாட்டை வண்டி வருமுன் மாலையிலேயே இடுங்கள். இரவுக்குச் சிறிது சுண்டலும் மோரும் போதும். நீரிழிவுக்கு மருந்துண்போர் மட்டும் வைத்தியரைக் கேளாது வேளையை மாற்றலாகாது. காலையில் இரண்டு இட்டலி கொடுத்து, சன்னலுக்குத் திரையிட்டு, பிள்ளை எழும்வரை மிக்ஸியை ஓட்டாதிருங்கள்.