மூக்குத் தண்டு வளைவும் தலைநோவும்



தலைநோவு கண்டவுடன் சுக்கை உரைத்து நெற்றியில் பற்றிடுவதும், நொச்சித் தழை போட்டு வேது பிடிப்பதும் நம் கிராமங்களில் வழக்கம். நீர்க்கோவைக்கு இவை சற்றுச் சுகம் தருவதுண்டு. ஆனால் மாதக்கணக்காக ஒரே பக்கத்தில், புருவத்தருகிலோ கண்ணின் உள்மூலையிலோ நோவு தங்கி, அப்பக்கத்து மூக்கும் அடைத்தே இருக்குமாயின், நோவின் காரணம் மூக்கினுள் இருக்கக்கூடும். அதைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

மூக்கை இரு பாதைகளாகப் பிரிக்கும் நடுச்சுவரையே மூக்குத் தண்டு என்கிறோம். அதன் முன்பாகம் குருத்தெலும்பு. பின்பாகம் மெல்லிய எலும்பு. சிறிதும் கோணாத தண்டுடையவர் சிலரே. பெரும்பாலோர்க்கு அக்கோணலால் யாதொரு கெடுதியும் இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே வளைவு அமைகிறது. சிலருக்கு விழுந்தோ அடிபட்டோ உண்டாகிறது.

வளைவு மிகுந்தால் தலைநோவு வரக்கூடிய வழிகள் இரண்டு. முதலாவது, தண்டின் முனைப்பு மூக்கின் பக்கச் சுவரிலுள்ள சதை மடிப்பைத் தொட்டு உறுத்துதல். ஐந்தாம் கபால நரம்பின் கிளைகளே மூக்கின் உட்புறத்திற்கும், நெற்றிக்கும், கண்ணைச் சூழ்ந்த இடத்திற்கும் உணர்ச்சி தருகின்றன. ஆகையால் உள்ளே உண்டாகும் உறுத்தல் வெளியே நெற்றிநோவாகத் தோன்றுகிறது. இரண்டாவது, நெற்றியிலும் கன்னத்திலுமுள்ள காற்றறைகளின் துவாரம் அடைபடுதல். அப்போது சளி தேங்கிச் சீழ் பிடிக்கும், முகம் கனக்கும், குனிந்தால் நோவு மிகும், மணம் தெரியாது.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். தங்கள் நோவு காற்றறை நோவே என எண்ணியிருந்த, அல்லது அவ்வாறு வைத்தியர் சொல்லக் கேட்டிருந்த 2,991 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களில் 100-க்கு 88 பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலியின் குறிகளே. ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு அடைத்து நீர் வடிவதுண்டு. ஆகவே தண்டு கோணியிருப்பதைக் கண்டமாத்திரத்தில் அதன்மேல் பழி சுமத்தி அறுவைக்கு உடன்படலாகாது.

காது மூக்கு தொண்டை வைத்தியர் குழாய்க் கருவியால் மூக்கினுள் நோக்குவார். வேண்டுமானால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். நோவு இருக்கும் சமயத்தில், தண்டு தொடும் இடத்தில் மரத்துப்போகும் மருந்தை இட்டுப் பார்ப்பதும் உண்டு. நோவு தணிந்தால் சந்தேகம் வலுப்படும். முதலில் ஒவ்வாமைக்கும் சளிக்கும் மருந்து கொடுத்துப் பார்ப்பர். அதனால் குணமாகாவிடில், முகத்தில் தழும்பின்றி மூக்கின் உள்வழியாகவே தண்டை நேராக்கலாம். சுவாசம் இதனால் எளிதாகும். ஆனால் தலைநோவு எல்லோர்க்கும் நீங்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

இல்லறத்தார் கவனிக்க வேண்டியவை சில. சிசுவின் மூக்கை நீவி நிமிர்த்துவதும், ஊதுவதும் வேண்டாம். அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாட்களுக்கு மேல் விட்டால் அடைப்பே பெருகும். வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாட்கள் விழுங்கி வந்தால், அம்மாத்திரையே தலைநோவை வளர்க்கும். திடீரெனத் தாங்கொணாத நோவு, சுரத்துடன் கழுத்து விறைப்பு, கண்வீக்கம், பார்வை மங்கல், கைகால் தளர்ச்சி இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க.

மற்றவர்கள் ஒரு மாதம், நோவு வந்த நாள், எந்தப் பக்கம், மூக்கு அடைத்திருந்ததா, எத்தனை மாத்திரை உண்டோம் என்பவற்றைக் குறித்து வைப்பீர்களாக. எழுதத் தெரியாதவர்க்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தரலாம். அக்குறிப்புடன் வைத்தியரிடம் சென்றால், வீண் செலவும் வேண்டாத அறுவையும் தவிரும். தக்க சிகிச்சையும் விரைவில் கிட்டும்.